காவிரி மகசீர்: பிடிப்பும் பாதுகாப்பும்

காவிரி மகசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஆற்று மீன். முதுகில் மேடிட்டு நிற்கும் அமைப்பால் திமில் மகசீர் என்று அழைக்கப்படும் இதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. பிரிட்டிஷ் காலம் தொட்டு இதைத் தேடித் தூண்டில்காரர்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே பரிசலும் வலையுமாக ஆற்றோர மக்கள் இதைப் பிடித்து உண்டும் விற்றும் வந்தார்கள். 2018 நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை மிக அருகிவிட்டவற்றின் பட்டியலில் சேர்த்தது. வேட்டையால் மட்டும் இந்த நிலை வந்ததாகச் சொல்ல முடியாது. மீனைக் காப்பாற்ற எடுத்த முயற்சிக்கும் அதில் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

உடலும் வாழ்க்கையும்

மகசீரின் செதில்கள் பெரியவை. முதிர்ந்த மீனின் ஒரு செதில் உள்ளங்கையை மறைக்கும். தடித்த உதடும், முன்னே நீட்டி மடக்கக்கூடிய வாயும், இரண்டு இணை மீசைகளும் உண்டு. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் வலுவான பற்களால் நண்டு, நத்தை ஓடுகளை நொறுக்கி விழுங்கும். ஆற்றோர மரங்களிலிருந்து உதிரும் பழமும் விதையும், பாறைப் பாசியும், சிறு மீன்களும் இதன் இரை. எதையும் தின்னும் இந்தப் பழக்கம்தான் தூண்டிலில் ராகி உருண்டை கட்டுவதற்கும் வழிவிட்டது.

கோடையில் பாறைகளுக்கிடையே ஆழமான மடுக்களில் ஒதுங்கியிருந்து, தென்மேற்குப் பருவமழையின் முதல் வெள்ளம் செம்மண் நிறத்தில் இறங்கியதும் எதிர்நீச்சல் போட்டு மேலாற்றுக்கும் துணையாறுகளுக்கும் ஏறுவது இதன் வழக்கம். சரளைக்கல் பரப்பில் முட்டையிடும். கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் லட்சக்கணக்கில் சிறு முட்டைகளை வெளியிடும்போது, மகசீரின் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. குஞ்சு வெளிவரச் சுமார் மூன்று நாள் ஆகும். அதன்பின் மஞ்சள் கரு தீரும்வரை கற்களுக்கிடையே அசையாமல் கிடக்கும். தெளிந்த, ஓட்டமுள்ள, பிராணவாயு நிறைந்த நீர் அந்த நாட்களில் இல்லாவிட்டால் அந்த ஆண்டின் தலைமுறையே போய்விடும். ஆங்கிலேயர் இதைச் சால்மனோடு ஒப்பிட்டதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். ஆனால் சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்கு வருவது; பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டவுடன் இறந்தும் விடும். மகசீர் கடலைக் காண்பதில்லை, ஆண்டுதோறும் முட்டையிட்டுப் பல்லாண்டு வாழ்வது.

இப்படிப்பட்ட மீனுக்கு வற்றாத மடு வேண்டும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும் கமண்டல நாகநதியும் மழை ஓய்ந்து சில மாதங்களில் சமவெளியில் வெறும் மணலாகிவிடுகின்றன. அவை சேரும் பாலாற்றின் கதையும் அதுவே. அதே வட தமிழகத்தில், மேற்கே சிறிது தொலைவில், பாறையை அறுத்துக்கொண்டு ஒகேனக்கல்லில் விழும் காவிரியில் கோடையிலும் ஆள் ஆழத்துக்குமேல் நீர் நின்றது. சிவசமுத்திரம் அருவிக்குக் கீழிருந்து ஒகேனக்கல் வரை காடும் கற்பாறையுமாகச் செல்லும் அந்த நீட்சியே திமில் மகசீரின் பெயர்பெற்ற வாழிடம். பவானி, மோயாறு, கபினி, அமராவதியின் மேல்கிளையான பாம்பாறு ஆகியவையும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

கோயில் துறைகள்

மீன்பிடிச் சட்டங்கள் வருமுன் தென்னாட்டு ஆறுகளில் மீனுக்குக் காவலாக நின்றவை கோயில்கள். காவிரிக் கரையில் கர்நாடகத்தின் ராமநாதபுரம், துங்கைக் கரையில் சிருங்கேரி எனப் பல இடங்களில் படித்துறைக்கு எதிரே உள்ள மடுவில் வலை வீசக்கூடாது என்பது எழுதாத விதி. தாமிரபரணியில் பாபநாசம் படித்துறையிலும் பக்தர்கள் மீனுக்குப் பொரி போடுவதைக் காணலாம். ஒரு மடு காப்பாற்றப்பட்டால் அங்கிருந்து பெருகும் மீன் கீழாற்றில் வலை வீசுபவருக்கும் கிடைக்கும். இன்று கடலில் பிடிப்பில்லாப் பகுதிகளை வகுக்கும்போது சொல்லப்படும் நியாயமும் இதுதான். இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. கர்நாடகத்தின் சிசிலாவில், கோயில் துறையில் பழகியிருந்த மகசீர் கூட்டத்துக்கு 1996-இல் யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள். செத்த மீன்களுக்கு அங்கே நினைவிடம் எழுப்பப்பட்டிருக்கிறது.

தூண்டில் விளையாட்டும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் மீன்பிடி விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மீன் வகைகளையும், எந்த மீனுக்கு எந்த இரை என்பதையும் அது விவரிக்கிறது.

சட்டம் வந்த வழி

19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் குறுக்கே அணைக்கட்டுகள் எழுந்தன. பாசனக் கால்வாய்கள் விரிந்தன. கால்வாயோடு போன மீன்குஞ்சுகள் வயலில் சிக்கி மாண்டன. நெருக்கமான கண்ணுள்ள வலை, மடையில் கட்டும் கூடை, ஓடையில் கலக்கும் தாவர நஞ்சு எல்லாம் பழைய முறைகள். ஓட்டம் குறைந்த ஆற்றில் அவற்றின் பாதிப்பு பல மடங்கானது. இதை முதலில் முறையாகப் பதிவு செய்தவர் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. 1870-களில் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்த அவர், நாடெங்கும் வருவாய் அலுவலர்களிடம் கேள்விப்பட்டியல் அனுப்பி விவரம் திரட்டினார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய இந்திய மீன்கள் பற்றிய நூல் இன்றும் மீனியலாரின் மேசையில் இருப்பது.

இன்னொருவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த அவர் ஆற்றுமீன் வளர்ப்பைப் பற்றி 1870-இல் அறிக்கை தந்தார். 1873-இல் அவர் வெளியிட்ட, இந்தியாவில் தூண்டில் பிடிப்பதைப் பற்றிய நூல் மகசீரை உலகத் தூண்டில்காரர்களுக்கு அறிமுகம் செய்தது. எடைக்கு எடை பார்த்தால் மகசீர் சால்மனைவிட வலுவாகப் போராடும் என்பது அவருடைய கட்சி. அந்த ஒரு தீர்ப்பு போதுமானதாக இருந்தது. குளிர்கால விடுமுறைகளில் மைசூருக்கும் காவிரிக்கும் தூண்டில் பெட்டிகள் வரத் தொடங்கின.

டேயும் தாமஸும் வலியுறுத்திய சட்டம் கால் நூற்றாண்டு கழித்து, 1897-இல் இந்திய மீன்வளச் சட்டமாக வந்தது. ஆற்றில் வெடிவைத்து மீன் கொல்வதையும் நஞ்சு கலப்பதையும் அது குற்றமாக்கியது. இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை தண்டம். மாகாண அரசுகள் குறிப்பிட்ட நீர்நிலைகளில் நிலையான பொறிகளையும் தடுப்பணைகளையும் தடைசெய்யலாம், வலையின் அளவையும் வகையையும் வரையறுக்கலாம், இரண்டு ஆண்டுக்கு மிகாமல் மீன்பிடிப்பையே நிறுத்தலாம். சட்டத்தில் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டவை வலையும் பொறியும் நஞ்சும் வெடியும்தான். தூண்டில் அதன் கண்ணில் படவில்லை, அரசு கட்டும் பெரிய அணைகளும் படவில்லை. நீலகிரியில் அதற்கு முன்பே, 1879-இல், வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்குமான தனிச் சட்டம் வந்து, அனுமதிச் சீட்டும் தடைக்காலமும் நடைமுறைக்கு வந்திருந்தன. அங்கே காக்க நினைத்த மீன் உள்ளூர் மீன் அல்ல, வெளிநாட்டு டிரவுட். அதைக் கொண்டுவர டே 1863-இல் முயன்று தோற்றார். சென்னை அரசு அமர்த்திய எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே அது நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. குறையும் மீனுக்குப் பொரிப்பகமே மருந்து என்ற எண்ணம் தென்னாட்டில் இவ்வழியாகவும் வேரூன்றியது.

உல்லமும் அணைகளும்

காவிரியில் சால்மனின் வாழ்க்கையை உண்மையிலேயே ஒத்த மீன் ஒன்று இருந்தது: உல்லம். வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் அதே ஹில்சா. வங்கக் கடலில் வளர்ந்து, காவிரியில் வெள்ளம் வரும்போது கொள்ளிடம் வழியாக ஏறி முட்டையிட்டு மீண்டும் கடலுக்குத் திரும்பும். 1836-ஐ ஒட்டிப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் அதன் பாதையை மறித்தன. அணைக்குக் கீழே திரண்டு முட்டிமோதும் மீனை அள்ளுவது எளிது. பிடிப்பு சிறிது காலம் பெருகியதுபோல் தெரிந்ததற்கு அதுவும் காரணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவூட்டிப் பொரிக்கவைக்க முயன்றார். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

1934-இல் மேட்டூர் அணை முடிந்ததோடு கதையே முடிந்தது. உல்லத்துக்கு வேண்டியது நீர் மட்டுமல்ல. கடல்முகம் வரை சேறு கலந்து இறங்கும் வெள்ளம்தான் அதற்கு அழைப்பு. ஸ்டான்லி நீர்த்தேக்கம் அந்த வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு பாசனத்துக்கு அளந்து விட்டது. சில ஆண்டுகளில் காவிரியின் உல்லப் பிடிப்பு ஏறத்தாழ இல்லாமல் போயிற்று. டெல்டாவின் நெல்லுக்கு மேட்டூர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் மீனவர் இழந்த பற்று ஒருநாளும் எழுதப்படவில்லை.

மகசீருக்கு மேட்டூர் வேறு விதமான எல்லை போட்டது. ஒகேனக்கல்லுக்குக் கீழிருந்த ஓட்ட நீர் தேங்கிய ஏரியானது. மேலே 1930-களின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜ சாகரம், பவானியில் 1955-இல் முடிந்த பவானிசாகர், பின்னர் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என ஒவ்வோர் அணையும் ஒரே ஆற்றின் மீன் கூட்டத்தைத் துண்டு துண்டாக்கியது. இங்கிலாந்தில் 1215-இன் மகா சாசனத்திலேயே தேம்ஸ் ஆற்றின் மீன்பொறித் தடுப்புகளை அகற்றக் கட்டளை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுச் சால்மன் சட்டங்கள் அணை கட்டுவோரை மீன் ஏறும் படிகளும் கட்டச் சொல்லின. காவிரி அணைகள் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லாமலே எழுந்தன.

நீர்த்தேக்கங்களில் வணிக மீன்பிடிப்பு வேறு பாதையில் வளர்ந்தது. மேட்டூரில் மீன்வளத் துறை மீன்பண்ணை நடத்தி, கட்லா, ரோகு குஞ்சுகளைத் தேக்கத்தில் விட்டு, உரிமம் பெற்ற மீனவர்களைப் பரிசலில் செவுள் வலை விரிக்க விடுகிறது. ஒகேனக்கல் கடைகளில் மிளகாய்ப்பொடி பூசி எண்ணெயில் பொரியும் மீனில் பெரும்பகுதி இந்தக் கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும்தான். தேங்கிய நீருக்கு ஏற்ற மீன் அவை. ஓட்டநீரில் மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடையும் மகசீர் அந்த வணிகத்தில் தற்செயல் வரவு மட்டுமே. ஆனால் பெரிய தாய்மீன் வலையில் விழும் ஒவ்வொரு முறையும் பல ஆண்டு முட்டை போய்விடுகிறது.

தூண்டில் முகாம்கள்

1946 மார்ச்சில் மைசூரின் புகழ்பெற்ற விலங்குப் பதனக் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். விடுதலைக்குப் பின் வெளிநாட்டுத் தூண்டில்காரர்களின் வரத்து அறவே குறைந்தது. மகசீரே அழிந்துவிட்டது என்றுகூட நம்பினார்கள். கல்குவாரிகளில் எளிதில் கிடைத்த தோட்டாவை மடுவில் வீசுவது அந்த ஆண்டுகளில் பரவியது. தோட்டா வெடித்தால் மிதப்பதைவிட அடியில் அமிழ்வது அதிகம். கைக்கு வருவது ஒரு பங்கு, வீணாவது பல பங்கு.

1977-78-இல் மூன்று பிரிட்டிஷ் தூண்டில்காரர்கள் இந்தியா முழுவதும் சுற்றிக் காவிரிக்கு வந்து பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டியதும் நிலைமை மாறியது. பெங்களூரில் 1972-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேசுவரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது. மேல் காவிரியில் குடகு வனவிலங்குச் சங்கம் இதே போன்ற ஏற்பாட்டைச் செய்தது. பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது இங்கே விதி.

முகாமின் வேலைமுறை எளிமையானது. ராகி மாவைப் பிசைந்து, உருண்டையாக்கி, வேகவைத்து, சிறு மீன்கள் கொறித்துக் கரைக்க முடியாத அளவுக்கு இறுகவிட்டு ஊசியில் கோப்பார்கள். பெரிய மீனுக்கு எலுமிச்சை அளவைவிடப் பெரிய உருண்டை. பரிசலில் போய், பாறைகளுக்கிடையே நீர் சுழலும் இடத்தில் அதை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். மீன் கவ்வியதும் முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டருக்குமேல் நரம்பை இழுத்துப் பாறையைச் சுற்றி அறுத்துவிடப் பார்க்கும். அப்போது பரிசலை அவிழ்த்து மீனின் பின்னாலேயே மிதந்து போவது துணையாளின் திறமை. கரை சேர்ந்ததும் எடையும் நீளமும் குறிக்கப்பட்டு, படமெடுக்கப்பட்டு, மூச்சு திரும்பும்வரை நீரோட்டத்தில் தாங்கிப் பிடித்து விடப்படும். துணையாட்களில் பலர் முன்பு வலையும் தோட்டாவும் கொண்டு இதே மடுக்களில் மீன் பிடித்தவர்கள். செத்த மீனை விற்றுக் கிடைப்பதைவிட உயிருள்ள மீனைக் காட்டிக் கிடைக்கும் கூலி நிலையானது என்று அவர்கள் கண்டுகொண்டதே முகாம்களின் உண்மையான சாதனை. வீரப்பன் நடமாட்டத்தால் அந்தக் காடுகளுக்குள் வெளியார் நுழையத் தயங்கிய ஆண்டுகளும் இதே காலத்தில் அடங்கும்.

லோனாவாலா குஞ்சுகள்

காவலோடு நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் ஏரிகளில் வாழ்ந்த தக்காண மகசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை சி. வி. குல்கர்னி 1970-ஐ ஒட்டி உருவாக்கினார். முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைத் தட்டில் வாங்கி, ஆண் மீனின் விந்தைச் சேர்த்து இறகால் கலந்து, நீர் இடைவிடாமல் ஓடும் தட்டுகளில் பொரிக்க வைப்பது முறை. டாடா நிறுவனம் அங்கே நிரந்தரப் பொரிப்பகம் அமைத்து, குஞ்சுகளை நாட்டின் பல மாநிலங்களுக்கும் அனுப்பியது. காவிரிக்கும் வந்தன. பின்னர் கர்நாடக மீன்வளத் துறை ஹாரங்கியிலும் மகசீர் பொரிப்பகம் நடத்தியது.

தக்காண மகசீர் என்பது டோர் குத்ரி. 1839-இல் சைக்ஸ் பெயரிட்டது. கிருஷ்ணா, பீமா ஆறுகளின் மேல்பகுதிகளுக்கு உரியது. துடுப்புகள் நீலச் சாயல் கொண்டவை. காவிரியின் திமில் மகசீருக்குத் துடுப்பு செம்மஞ்சள். கரையில் நின்ற துணையாட்களுக்கு இரண்டும் வேறு என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் அன்றைய நிர்வாகத்தில் மகசீர் என்றால் மகசீர்தான். மீன் குறைகிறது, குஞ்சு விடு. அமெரிக்காவின் பசிபிக் கரையில் பொரிப்பகச் சால்மன் குஞ்சுகளின் முதுகுப் பின்புறக் கொழுப்புத் துடுப்பை நறுக்கி விடுகிறார்கள். பின்னால் பிடிபடும்போது பண்ணை மீன் எது, காட்டு மீன் எது என்று ஒரே பார்வையில் தெரியும். பல ஆறுகளில் காட்டு மீனைத் திரும்ப விட்டாக வேண்டும். கெண்டைக் குடும்பத்துக்கு அந்தத் துடுப்பே கிடையாது. வேறு குறியிட்டு விடும் பழக்கமும் காவிரியில் வேரூன்றவில்லை.

கணக்கும் பெயரும்

விடப்பட்ட குஞ்சுகளால் என்ன நடந்தது என்பதைச் சொன்னவை முகாம்களின் பிடிப்பேடுகள். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 23,600 மணி நேரத் தூண்டிலில் 6,161 மகசீர்கள் பிடிபட்டு விடப்பட்டிருந்தன. மிகப் பெரியது 46.8 கிலோ. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றிக் கதை: ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது, சராசரி எடை குறைந்திருந்தது, அதாவது இளம் மீன்கள் ஏராளம். மீன்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தபோது படம் தலைகீழானது. பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். திமில் மகசீர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. பிடிபட்ட சிலவும் மேலும் மேலும் பெரியனவாக இருந்தன. கிழவர் மட்டும் மிஞ்சி, குஞ்சுகள் சேராத கூட்டத்தின் அடையாளம் அது. வந்தேறி மீன் எவ்வழியில் உள்ளூர் மீனை ஒதுக்கியது, இரைப் போட்டியா, கலப்பா, முட்டையிடும் இடத்துக்கான போட்டியா என்பது விவாதத்துக்குரியது. இரண்டும் எதிரெதிர் திசையில் நகர்ந்ததில் ஐயமில்லை.

திமில் மகசீருக்கு அதுவரை முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. பெயர் இல்லாத இனத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மதிப்பிட முடியாது. நூற்றைம்பது ஆண்டு புகழ் பெற்ற மீன் ஒன்று ஆவணங்களில் இல்லாமலே இருந்தது. 2018 ஜூனில் பிண்டர், ராகவன் உள்ளிட்டோர், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். மணிமேகலன் முதலானோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, மறையூர் அருகே பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு கேரள ஆய்வாளர்கள் குருப், ராதாகிருஷ்ணன் இருவரும் முன்பே விவரித்திருந்த டோர் ரெமாதேவி இதுவே என்று தெரியவந்தது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சென்னைப் பிரிவில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரெமாதேவியின் பெயர் அதில் இருக்கிறது. பெயர் உறுதியான சில மாதங்களில் செம்பட்டியல் மதிப்பீடும் முடிந்தது. லோனாவாலாவிலிருந்து நாடெங்கும் விடப்பட்ட தக்காண மகசீரோ அதே சுற்றில், உடனடி ஆபத்து இல்லாத இனமாகத் தரம் இறக்கப்பட்டது.

தடையும் அதன் பின்னும்

பீமேசுவரி, கலிபோரே முகாம்கள் இருந்த பகுதி 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் வேட்டை கூடாது. உயிரோடு பிடிப்பதும் வேட்டைதான். பிடித்துவிடும் தூண்டிலும் அதில் அடங்கும் என்ற விளக்கத்தின்பேரில் 2012-இல் அங்கே தூண்டில் நிறுத்தப்பட்டது. சட்ட எழுத்தின்படி இது தவறில்லை. தூண்டில்காரர்கள் சொல்லும் மறுப்பையும் தள்ளிவிட முடியாது: முகாம் இருந்தபோது இரவும் பகலும் ஆற்றில் ஆள் இருந்தது, வலைக்கும் தோட்டாவுக்கும் அதுவே தடையாயிற்று, துணையாட்களுக்கு வேலை இருந்தது, பிடிப்பேடு எழுதப்பட்டது. தடைக்குப் பின் அந்தப் பிடிப்பேடு நின்றுவிட்டது; 2012-க்குப் பிந்தைய நிலையை முன்னதோடு ஒப்பிட அதற்கு இணையான தொடர்ச்சியான கணக்கு இல்லை.

தமிழகப் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயமும் அமைந்தன. யானைக்கும் நீர்நாய்க்கும் பெரிய ஆற்று ஆமைக்கும் இவை தொடர்ச்சியான வாழிடம் தந்தன. மீனுக்கு இதனால் கிடைக்கும் காவல் அரைகுறை. ஒரே ஆறு இரு மாநிலங்களுக்கு எல்லையாக ஓடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் காட்டுக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, நீருக்கு ஒரு துறை. மீன்வளத் துறையின் கண் உற்பத்தியில், வனத்துறையின் கண் பாலூட்டிகளில். சங்கமத்தில் அர்க்காவதி ஆறு பெங்களூரின் கழிவுநீரைக் காவிரியில் சேர்க்கிறது. கர்நாடகம் முன்வைத்திருக்கும் 67 டிஎம்சி கொள்ளளவுள்ள மேகேதாட்டு அணை கட்டப்பட்டால், பழைய முகாம்கள் இருந்த பாறை மடுக்களில் பெரும்பகுதி தேங்கிய நீருக்கடியில் போகும். காவிரி நீர்ப்பங்கீட்டுக்கான வழக்குகளிலும் தீர்ப்புகளிலும் பாசனம், குடிநீர், மின்சாரம் எல்லாம் டிஎம்சி கணக்கில் வருகின்றன. மீன் ஏறுவதற்கு எந்த மாதம் எவ்வளவு நீர் வேண்டும் என்பது பேசுபொருளாகவே இல்லை.

மோயாறு

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, இரு புலிகள் காப்பகங்களின் காவலில், ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகரில் விழும் மோயாற்றில் திமில் மகசீர் இன்னும் இனப்பெருக்கம் செய்கிறது; பெயர்ச் சிக்கலைத் தீர்த்த மீன்கள் கிடைத்ததும் அங்கேதான். ஆள் நடமாட்டம் குறைவு என்பதே அதன் முதல் பாதுகாப்பு. மேலே பைக்காரா, மோயாறு மின்நிலையங்களின் தேவைக்கேற்ப ஆற்றின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குவது சரளையில் கிடக்கும் முட்டைக்குக் கேடு. வேறு ஆற்றுக் குஞ்சு எதையும் அங்கே விடாமல் இருப்பதும், முட்டையிடும் மாதங்களில் நீர் திறப்பைச் சீராக்குவதும், பவானிசாகர் தேக்கத்தின் வாயில் பெரிய கண் வலைகளைக் கட்டுப்படுத்துவதும் உடனே செய்யக்கூடியவை. வளர்ப்பில் பெருக்கி விடுவதென்றால் தாய்மீனும் காவிரி வடிநிலத்துத் திமில் மகசீராகவே இருக்க வேண்டும், விடும் குஞ்சுக்கு அடையாளமும் வேண்டும். காவிரி நீரின் மரபணுத் தடயத்தைச் சோதித்து மீனைப் பிடிக்காமலே அதன் இருப்பை அறியும் முறை இப்போது கைக்கு எட்டியிருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலுள்ள மடுக்களில் மிச்சம் உண்டா என்று பார்க்கத் தூண்டிலே தேவையில்லை. சில லிட்டர் ஆற்று நீர் போதும்.